வராத அளவுக்குப் பூஜ்யம் போடாதே

எங்கள் கணினி நிரல்மொழிக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மொழியில் ஒரு மாற்றம் வேண்டும் என்பவர் அதற்கு எதிரான வாதத்தை எழுதி வாசிக்க வேண்டும்; எதிர்ப்பவர் ஆதரவு வாதத்தை வாசிக்க வேண்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே வாக்கெடுப்பு. மூன்று முறை தோற்ற மாற்றத்தை மறுபடி கொண்டுவர முடியாது. என்னுடையது இரண்டு முறை தோற்றிருந்தது.

நான் கேட்டது இதுதான். நிரலுக்கு வர வேண்டிய ஓர் அளவு வந்து சேராவிட்டால் எங்கள் மொழி தானாகவே அங்கே பூஜ்யம் போட்டுக்கொள்ளும். அது கூடாது. அளவு வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதாத நிரலை மொழி ஏற்கவே கூடாது.

காரணம் இருந்தது. நான் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்தில் தொட்டியின் நீர்மட்டம் சொல்லும் சென்சாரின் ஒயர் அறுந்தபோது, நான் எழுதிய நிரல் தொட்டி காலி என்று நினைத்து மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தது. கீழ்த்தெருவில் அக்காவின் தையற்கடை. முழங்கால் தண்ணீரில் நான்கு மெஷின்கள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி? உன் மொழிக்கு வாய் ஒட்டிக்கிச்சா?" என்றாள் அக்கா.

எதிர்த்தவர் பூட்டு. பல நூலகங்களுக்கு நிரல் எழுதித் தந்த பெரியவர். எந்தப் புது யோசனை வந்தாலும் கதவைச் சாத்துவார் என்பதால் அந்தப் பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

அவர் வாதத்தை எழுத உட்கார்ந்தேன். 'பழைய நிரல்கள் நின்றுபோகும்' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. எத்தனை நிற்கும், யாருக்கு நிற்கும்? அவரிடமே இருநூற்றுப் பன்னிரண்டு நிரல்களைக் கேட்டு வாங்கி, நாளுக்குப் பத்தாகப் புது விதிப்படி ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று நின்றன. அவற்றில் பத்தொன்பதைத் திருத்த இப்போது ஆளே இல்லை. சுருக்கென்றது. அதை அப்படியே எழுதினேன்.

கூட்டத்தில் வாசித்து முடித்ததும் பூட்டு சிரித்தார். "நான் சொல்ல வந்ததை என்னைவிட நல்லா சொல்லிட்டியேம்மா. பேசாம என் பக்கம் வந்துடு!"

"வரமாட்டேன் சார். முதல் வருஷம் வெறும் எச்சரிக்கை வரட்டும், அப்புறம்தான் மறுக்கணும். ஆளில்லாத அந்தப் பத்தொன்பதையும் நானே திருத்திட்டேன்."

"மத்தவங்க கதி?"

"எனக்கு எழுதச் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் பதில் போடறேன்."

"மூட்டை மூட்டையா வருமே?"

"வரட்டும் சார்."

பிறகு அவர் என் வாதத்தை வாசித்தார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றவனை அரட்டைக்கு வெச்சுக்கலாம், மோட்டாருக்குக் காவல் வைக்கக் கூடாது." எனக்கே கை தட்டத் தோன்றியது.

ஏழு பேரில் நான்கு கைகள் உயர்ந்தன. பூட்டின் கை உயரவில்லை.

ஒரு வருடம் கடிதங்களுக்கு எண் போட்டுப் பதில் எழுதினேன். தவணை முடிந்த காலையில் எங்கள் நிலையத்தில் மொழியின் புதுப் பதிப்பை ஏற்றினேன். என் நிரலையே ஏற்க மறுத்தது. எண்பத்தெட்டாம் வரி. இரண்டாவது தொட்டிக்கு நான் எழுதிய பகுதி. வருடம் முழுக்க எச்சரிக்கை வந்திருக்கிறது. ஊராருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவள் அதைப் பார்க்கவில்லை.

"பழைய பதிப்பையே போட்டு ஓட்டிடலாமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"வேண்டாம் சார். வால்வைக் கையால திருப்ப ஒரு ஆளை நிறுத்துங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன். கடிதம் எண் நூற்று நாற்பத்து மூன்று. அனுப்புநர்: நான். பெறுநர்: நான். பிறகு எண்பத்தெட்டாம் வரியைத் திருத்த ஆரம்பித்தேன்.