ரெண்டு பேருக்கும் ஒரு பை

"எல்லாம் சுத்தமா இருக்கு. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்" என்று வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, துரைராஜ் அவர் முன்னாலேயே கைகூப்பி அழுதுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தபீதாள் அழவில்லை. அடுத்து எந்த ஜன்னலில் சீட்டு போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பீர்க்கன்கரணைக்குத் திரும்பியதும் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். "சந்தோஷமா இருக்காக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இருக்கு" என்றாள். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல்கூட அவளுக்கு இல்லை.

இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். தோள், அதிலிருந்து முழங்கை வரை உட்பக்கம், மார்பின் அந்தப் பாதி, விலாவில் ஒரு சாண் அளவு, எல்லாம் மரத்துக் கிடந்தன. கிள்ளினால் தெரியாது. வேறு யாருடைய உடம்பிலோ கை வைக்கிற மாதிரி இருக்கும். "நரம்பு வெட்டுப்பட்டிருக்கும்மா, போகப் போகப் பழகிடும்" என்றாள் நர்ஸ். பழகத்தான் செய்தது. மரப்பு தோளோடு நிற்காமல் உள்ளேயும் இறங்கிவிட்டது என்பதை மட்டும் தபீதாள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் செக்கர். பதினாறு வருஷமாக ஒரே வேலை. சட்டையை மேசையில் விரித்து, காலர், தோள், பட்டன் துளை என்று விரலை ஓட்டிக்கொண்டே போவாள். தையல் விட்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். லீவு முடிந்து போனபோதும் கை தானாக அந்த வேலையைச் செய்தது. அதற்கு மனசு தேவைப்படவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சரசு போன் பண்ணினாள். சரசு கடலோரக் குப்பத்தில் மீன் விற்கிறவள். குப்பத்துக்கு வந்த மருத்துவ முகாமில் கட்டியைக் கண்டுபிடித்து அவளையும் வேலூருக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்து ஏற்றும் வார்டில் ஆறு மாதம் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி.

"யக்கா, நான் பர்வதமலை ஏர்றன்னு வேண்டிக்கினு கீறன். அடுத்த செக்கப்புக்குப் போவ சொல்லோ மலைய ஏறி இறங்கிட்டு, அப்டியே போளூர்ல பஸ்ஸு புடிச்சா வேலூரு. நீயும் வாயேன்."

"நான் கிறிஸ்டியன் சரசு."

"தெரியும்க்கா. சாமிய நான் பாத்துக்கறன், நீ மலைய பாரு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காததால் தபீதாள் சரி என்றாள். சரி என்பதற்கும் காரணம் இல்லைதான்.

"கையில தூக்கற பை எட்தாராத. மேல கடப்பாறைய நட்டு சங்கிலி உட்டிருப்பாங்க, ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினுதான் ஏறணும். முதுவுல மாட்ற பைதான் சரிப்பட்டு வரும்" என்றாள் சரசு.

காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் ஜீவிதா, அம்மா தானாக ஒன்று வேண்டும் என்று கேட்டதே போதும் என்று, வேளச்சேரியில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்தவை இமயமலைக்குப் போகிறவர்கள் மாட்டுகிற பைகள். தபீதாள் ஒரு பையை உள்பக்கம் வெளியே திருப்பித் தையலைப் பார்த்தாள். குறையே இல்லை. விலைச் சீட்டைப் பார்த்து மெதுவாகத் திரும்பக் கொக்கியிலேயே மாட்டிவிட்டாள். ஒரு மாதச் சம்பளம்.

அவளுக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு மாற்றுத் துணி, துண்டு, ரெண்டு பாட்டில் தண்ணீர், மாத்திரை டப்பா, பிறகு ஆஸ்பத்திரி ஃபைல். ஃபைல் மடங்கக் கூடாது, உள்ளே ஸ்கேன் படங்கள் இருக்கின்றன. ஆகவே ஃபைல் நிற்கிற உயரம் வேண்டும், அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். மலைக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான்.

தாம்பரம் சண்முகம் சாலையில் நடைபாதைக் கடையில் ஒன்று கிடைத்தது. கறுப்பு. இஞ்சுக்கு எட்டுத் தையல், ஜிப் ஓடுகிறது, அடியில் ரெட்டைத் துணி. பட்டை மெலிசாக இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலையும் கைக்கு அடக்கம். வாங்கிவிட்டாள்.

ஒத்திகையாக, சனிக்கிழமை காலை நாலு கிலோ அரிசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, துரைராஜோடு பச்சைமலை ஏறினாள். தாம்பரத்தை ஒட்டிய சின்ன மலைதான். மேலிருந்து பார்த்தால் ரயில் பாதையும், ஏர்போர்ட் பக்கம் இறங்குகிற விமானமும் தெரியும். நடுவில் ரெண்டு தரம் துரைராஜ் கேட்டார், "கஷ்டமா இருக்கா? நான் தூக்கட்டா?"

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து பையைக் கழற்றியதும் ஜீவிதா அலறினாள். சுடிதாரின் இடது தோளில் உள்ளங்கை அளவுக்கு ரத்தம்.

"அம்மா, வலிக்கலையா?"

"தெரியல."

கண்ணாடி முன்னால் நின்று துணியை விலக்கிப் பார்த்தாள். பட்டை உட்கார்ந்த இடத்தில் தோல் உரிந்து, ஓரம் கன்றிப்போயிருந்தது. நூல் பிரிந்த தோள் தையலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அந்தக் கையில் சின்னக் காயம் பட்டால்கூட வீங்கிவிடும், ஊசிகூடப் போடக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஜீவிதா அழுதுகொண்டே டெட்டால் போட்டுத் துடைத்தாள். டெட்டாலும் எரியவில்லை.

"மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் துரைராஜ். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாதவர். அன்று குரல் ஏறியது. "இவ்ளோ தூரம் பிழைச்சு வந்தது இதுக்கா?"

"பைதாங்க தப்பு. தையலை மட்டும் பாத்து வாங்கிட்டேன். தோளுக்கு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதே."

அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பத்து நாளில் காயம் ஆறியது. நல்ல வேளையாகக் கை வீங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட சரசு, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று பஸ் மாறித் தாம்பரம் வந்து இறங்கினாள். "வாக்கா, நான் பாத்துத் தர்றன்" என்று தபீதாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மார்க்கெட்டுக்குள் சேட்டு பாய் கடை. கீழே விற்பனை, மாடியில் குடோன், மூலையில் பை தைக்கிற மிஷின். சரசு ஒரு பையை எடுத்து, கல்லா பக்கத்தில் இருந்த பூட்டு டப்பாவைக் கனத்துக்காக அதற்குள் போட்டு, முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினாள்.

"இந்தாண்ட எலும்பு மேல அறுக்குது. லெப்ட்டுக்கு இது வோணாம்" என்று கழற்றி நீட்டினாள். "நீ மாட்டிக்கினு ரைட்ட பாரு."

தபீதாளுக்கு அப்போதுதான் புரிந்தது. சரசுவுக்கு எடுத்தது வலது பக்கம். தன் தோள் சொல்லாததை அவள் தோள் சொல்லும். சரசுவின் தோள் சொல்லாததைத் தான் சொல்ல வேண்டும்.

அவள் மாட்டிக்கொண்டு படி ஏறினாள். வலது தோளை இத்தனை கவனமாக அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. "கழுத்துகிட்ட இழுக்குது" என்றாள் இறங்கி வந்து.

நாலாவது பையும் படி ஏறி இறங்கியபோது சேட்டு பாய்க்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, ஆளுக்கு ஒரு பக்கம் சொல்றீங்க? யாருக்குத்தான் பை?"

"எனக்கு இந்தப் பக்கம் எட்த்துட்டாங்க பாய். அக்காவுக்கு அந்தப் பக்கம்" என்றாள் சரசு, மார்பைத் தொட்டுக் காட்டி, மீன் விலை சொல்வது போல. "ரெண்டு பேரையும் சேத்தாதான் ஒரு ஆளு."

சேட்டு பாய் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஏணியை நகர்த்திப் போட்டு, மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்துத் தட்டினார். கிளிப் பச்சையில் ஆரஞ்சு ஓரம் வைத்த பை. "கலரைப் பாத்து யாரும் எடுக்கல, ரெண்டு வருஷமா கிடக்கு. பட்டை அகலம், உள்ள நல்ல ஃபோம். இடுப்புல பெல்ட் இருக்கு பாருங்க, இறுக்கிக் கட்டினா கனம் இடுப்புல உக்காரும். தோளுக்குப் பாதிகூட வராது."

சரசு மாட்டி ஏறினாள். இறங்கி வந்து இன்னொரு தரம் ஏறினாள். "அறுக்கல. பஞ்சாட்டம் கீது."

தபீதாள் ஏறினாள். வலது பக்கம் கையை உயர்த்தும்போது பட்டை சரிந்தது. அதைச் சொன்னாள்.

"நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டையும் பக்கிளும் வச்சுத் தந்துர்றேன். சரியாது" என்றார் சேட்டு பாய்.

"நெஞ்சு மேல வேணாம். கழுத்துக்குக் கீழ, காரை எலும்புகிட்ட வைங்க" என்றாள் தபீதாள். பையை வாங்கித் திருப்பினாள். கையோடு கொண்டுவந்திருந்த ஃபைலை உள்ளே விட்டுப் பார்த்தாள், மடங்காமல் நின்றது. பட்டை முதுகோடு சேருகிற இடத்தில் விரலை ஓட்டினாள். "இங்க ஒத்தைத் தையல்தான் போட்டிருக்காங்க. பெட்டி மாதிரி சுத்தி அடிச்சு, நடுவுல பெருக்கல் குறி போட்டு அடிச்சுத் தாங்க. இல்லன்னா நடுமலையில பிச்சுக்கும்."

சேட்டு பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். "தொழில்ல இருக்கீங்களா?"

"செக்கர்."

"அப்ப பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க."

அவர் மிஷினில் உட்கார, தபீதாள் நின்று பார்த்தாள். விற்காத கலர் என்பதால் விலை நடைபாதைப் பைக்கு மேல் அதிகம் போகவில்லை. சரசுவுக்கும் அதே போல ஒன்று இருக்கிறதா என்று தபீதாள் கேட்டபோது, சரசு கையை ஆட்டினாள். "எதுக்குக்கா? எனக்கு ஒரு பொடவ, ஒரு ஃபைலு. உன்னுதோட போட்ரு. மாத்தி மாத்தித் தூக்கலாம்."

ரெண்டு ஃபைலும் ரெண்டு மாற்றுத் துணியும் அந்தச் சின்னப் பையில் அடங்கின. துரைராஜ் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்பினார். பையின் பட்டையை ரெண்டு கையாலும் பிடித்து, பலம் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அடிவாரச் சத்திரத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் ஏறினார்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று பையை மாற்றிக்கொண்டார்கள். மாற்றும்போதெல்லாம் ஒருத்தி மற்றவளின் மரத்த தோளைத் துணி விலக்கிப் பார்ப்பாள். "செவப்பு இல்லக்கா." "உனக்கும் இல்ல சரசு." அவ்வளவுதான் பேச்சு. கடப்பாறைப் பாதையில் தபீதாள் பையோடு ஏறினாள், வலக்கையால் சங்கிலியைப் பிடித்து, இடக்கையைச் சும்மா பாறையில் ஊன்றி. கீழே பள்ளம். பயம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை.

உச்சியில் சரசு சன்னதிக்குள் போய் விழுந்து கும்பிட்டு, வாய்விட்டு அழுதாள். தபீதாள் வெளியே பாறையில் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணலாமா என்று யோசித்தாள், வார்த்தை கூடவில்லை. சரசு நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா தோணுது?"

"காத்து அடிக்குது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சரி, அது போதும். இந்தா, தண்ணி குடி" என்று சரசு பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

மறுநாள் வேலூரில் தபீதாளின் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. சரசுவை மட்டும் டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்தபின் முதுகெலும்பில் ஒரு புள்ளி இருக்கிறது, கரண்டு வைக்கிற கதிர் சிகிச்சை வேண்டும், மூன்று வாரம் இங்கேயே தங்க வேண்டும் என்றார். சரசு "இன்னா பேஜாரு இது" என்று மட்டும் சொன்னாள்.

தபீதாள் வீட்டுக்குப் போன் பண்ணினாள். "சரசுவோட அண்ணன் கடல்ல இருக்காரு. அவரு வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கேங்க."

"துணிமணி?"

"ஒண்ணு உடுத்தியிருக்கேன், ஒண்ணு பையில இருக்கு. போதும்."

அஞ்சு நாள் லாட்ஜில் இருந்தார்கள். தினமும் ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டு மற்றதை உடுத்தினாள். ஆறாம் நாள் காலை அண்ணன் வந்தார். தபீதாள் தன் ஃபைலையும் துணியையும் ஒரு பாலிதீன் கவரில் எடுத்துக்கொண்டு, பையைச் சரசுவின் கட்டில் காலில் மாட்டினாள்.

"எட்த்துக்கினு போக்கா. உன் பை அது."

"நீதான் தினம் அலையப் போற. இடுப்பு பெல்ட்டைக் கட்டாதே, முதுகுல அழுத்தும். ரெண்டு தோளையும் கண்ணாடியில பாரு. பாக்க ஆள் இல்லன்னு விட்டுராதே."

"பாக்கறன், போ."

தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் டிரைவர் டேப்பை முழுச் சத்தத்தில் வைத்தார். குத்துப்பாட்டு. ஆற்காடு வரை பொறுத்துக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதை நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

கண்டக்டர் திரும்பினார். "என்னம்மா, பாட்டுதானே?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! மனுஷங்க இருக்காங்கன்னு ஒரு இது வேணாம்? அவளுக்கு முதுகெலும்புல வந்துருச்சு, நீங்க பாட்டு போடறீங்க!"

பஸ்ஸே அவளைப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டிரைவர் கையை நீட்டி டேப்பை அணைத்தார். தபீதாள் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். காவேரிப்பாக்கம் தாண்டியும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.