களைத்த குரல்

பாடகர் ஐசாக்கின் புதுக் கசெற்றுக்கு நான் எழுதிய விமர்சனத்தின் தலைப்பு "களைத்த குரல்". அதை எழுதி முடித்தபோது எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. இரண்டே சொல்லில் ஒரு மனிசனை விழுத்திவிட்டேன் என்ற பெருமை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேனா அதைவிட நீளம். மருதனார்மடத்துச் சுற்றுவட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும், ஆனபடியால்தான் பத்திரிகைக்காரர் மாதம் ஒருமுறை என்னிடம் கட்டுரை கேட்டு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற ஒருத்திக்கு அது பெரிய சங்கதி.

ஐசாக்கை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் "கடலோசை" பொப் கோஷ்டி என்றால் குடாநாடே திரளும். திருவிழாவோ, கார்னிவலோ, கலியாணமோ, மேடையில் ஐசாக் பெல்பொட்டம் காற்சட்டையோடு ஏறினால் முன்வரிசைப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். மூன்றாவது பாட்டுக்கு அவர்களுடைய காலே தாளம் போடும். உடுவில் பக்கத்து வேதக்காரர். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். பெட்டையாக இருந்த காலத்தில் நானும் அந்தக் கடைசி வரிசையில் ஐயாவுக்குத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கோஷ்டி கரையத் தொடங்கியது. டிரம்ஸ் அடித்தவர் ஜேர்மனிக்குப் போனார். பேஸ் கிற்றார்க்காரர் கனடா. ஓகன் வாசித்த தம்பிராசா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். தொண்ணூறில் சண்டையோடு கரண்டும் போனது. கரண்ட் இல்லாத ஊரில் மின்சாரக் கிற்றாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐசாக் இரண்டு வருசம் பேசாமல் இருந்தார். பிறகு, ஐம்பத்தாறு வயதில், ஒரு பெட்டிக் கிற்றாரை மட்டும் தூக்கிக்கொண்டு சந்தியிலுள்ள சண்முகநாதனின் றெக்கோடிங் பார் என்ற பாட்டுக்கடைக்குப் போனார். சண்முகநாதன் பழைய கார் பற்றறியில் மெசினை ஓட்டி எட்டுப் பாட்டுகளைப் பதிந்து கொடுத்தார். முப்பது வருசத்தில் ஐசாக் தனியாகச் செய்த முதல் கசெற் அது. பெயரும் அதுதான், "தனிய".

புதுக் கசெற் எங்கும் வாங்க முடியாத காலம். கேட்க விரும்பியவர்கள் வீட்டில் கிடந்த பழைய கசெற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சண்முகநாதன் அதன்மேல் அடித்துத் தருவார். ஐசாக்குக்காகத் தங்கள் கசெற்றில் இருந்த சினிமாப் பாட்டையெல்லாம் அழிக்கச் சனம் வரிசையில் நின்றது. இந்தக் கசெற் எடுபட்டால் தேவாலய மண்டபத்தில் ஒரு கச்சேரி, எடுபடாவிட்டால் இனிப் பாட்டே இல்லை, கிற்றார் பரணுக்குப் போகும் என்று ஐசாக் சொல்லியிருந்தார். அவருடைய மனைவி சுகிர்தம் இதை என்னிடம் சந்தையில் வைத்துச் சொன்னார். ஆகவே, எழுதும்போது எனக்கு அது தெரியாது என்று நான் பூசி மெழுக முடியாது.

எங்கள் வீட்டில் றேடியோ ஓடியது சைக்கிள் டைனமோவில். எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் அருளம்பலம் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சில்லோடு டைனமோவை அழுத்தி, அதிலிருந்து வயரை றேடியோவுக்கு இழுத்து, சீற்றில் ஏறி மிதிப்பார். ஹாண்டிலில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டுதான் மிதிப்பார். தினமும் பின்னேரச் செய்தி அவருடைய காலில் வரும். அவர் களைத்தால் சத்தம் குறையும், நான் அதட்டினால் கூடும். இரண்டு வருசத்தில் எங்களுக்குப் பழகிப்போன விசயம்.

அந்த றேடியோவிலேயே கசெற் போடும் வசதியும் இருந்தது. கரண்ட் போன நாளிலிருந்து அதை நாங்கள் தொட்டதில்லை. "தனிய"வைப் போட்டுவிட்டு நான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். அருளம்பலம் மிதித்தார். முதற்பாட்டு நன்றாகத் தொடங்கியது. போகப் போகக் குரல் கனத்தது, தாளம் தளர்ந்தது. நாலாவது பாட்டில் ஐசாக் பாரம் இழுக்கிற மாடுமாதிரி மூச்செறிந்தார். எட்டாவது பாட்டை அவர் முடிப்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. என் மனிசன் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்துக்கு வந்திருந்தார். நான் எழுதினேன்: "இவர் பாட்டைப் பாடவில்லை. பாட்டு இவரை இழுத்துக்கொண்டு போகிறது. கோஷ்டியின் சத்தத்துக்குள் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்த களைப்பு இப்போது வெளியே வந்துவிட்டது."

ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. அளவெட்டியில் ஒரு தவில் வித்துவான், ஐசாக்குக்குக் காலப்பிரமாணமே போய்விட்டது, தொடங்கிய இடம் ஒன்று முடிக்கிற இடம் ஒன்று என்றாராம். உடுப்பிட்டியில் யாரோ அந்தக் கசெற்றைச் செத்தவீட்டுக்குப் போடலாம் என்றார்கள். சாவகச்சேரிப் பொடியள் மட்டும் என்மேல் கொதித்தார்கள். அருமையான கசெற், அந்த ரீச்சருக்குக் காது அடைப்பு என்று பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்கள். அவர்கள் நாலு பேர் மாறி மாறி மிதித்துக் கேட்டவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மண்டபக் கச்சேரியை ஒழுங்கு செய்தவர்கள் "கொஞ்சம் பொறுப்பம்" என்று ஐசாக்கிடம் சொல்லிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் என் கட்டுரையை எடுத்து மறுபடி வாசித்தேன். ஆனாலும் எழுதியது எழுதியதுதான் என்று இறுமாப்போடு இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஐசாக் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் தேத்தண்ணியை வாங்கி ஆறுதலாகக் குடித்தார்.

"ரீச்சர், நான் சண்டை பிடிக்க வரேல்லை," என்றார். "நீங்கள் கேட்ட மாதிரியே எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. அப்பிடி என்னதான் கேட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியவேணும்."

அருளம்பலம் சைக்கிளில் ஏறினார். விருந்தாளி முன்னால் பத்திரிகை விரிக்கவில்லை, மற்றப்படி வழக்கம்போலவே மிதித்தார். முதற்பாட்டின் இரண்டாவது சரணத்திலேயே ஐசாக்கின் நெற்றி சுருங்கியது. தன் முழங்காலில் விரலால் தட்டித் தாளத்தைச் சரிபார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என் கணவரின் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கும் அந்தக் கணத்தில் விளங்கியது. றேடியோவுக்கு மிதி குறைந்தால் சத்தம்தான் குறையும். கசெற்றுக்கு மிதி குறைந்தால் ஓட்டமே குறையும். ஓட்டம் குறைந்தால் குரல் தடிக்கும், தாளம் இழுபடும். மெல்ல மெல்லக் குறைந்தால் காதும் கூடவே இறங்கிப் போய்விடும். அந்தக் கட்டுரையில் களைத்திருந்தது என்ரை மனிசன். நாலு எழுத்துப் படித்தவள், ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவள், இதை யோசிக்காமல் எழுதி அச்சடிக்கவும் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

ஐசாக் என் கணவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே சைக்கிளில் ஏறினார். கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார், சுருதி ஏறிவரும்வரை மிதியைக் கூட்டினார், சரியான இடம் வந்ததும் அதிலேயே காலை நிறுத்திப் பிடித்தார். அதன்பிறகு அந்தக் கால் மயிரிழையும் பிசகவில்லை. முக்கால் மணித்தியாலம், இடையில் கசெற்றைப் பிரட்டிப் போட்ட நேரம் தவிர, ஐம்பத்தாறு வயது மனிசன் தன் பாட்டைத் தானே மிதித்து எனக்குக் கேட்கத் தந்தார்.

நான் கேட்டதை எப்படிச் சொல்ல? டிரம்ஸ் இல்லாத குறையே தெரியவில்லை. கிற்றாரின் பெட்டியில் உள்ளங்கையால் தட்டித் தாளமும் அவரே கொடுத்திருந்தார். பழைய ஐசாக் சபையைப் பார்த்துப் பாடுவார். இந்த ஐசாக் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலப் பாடினார். சங்கக்கடையில் பங்கீட்டு அரிசிக்கு நிற்கிற வரிசையைப் பற்றிய பாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சுகிர்தத்துக்குப் பாடியதில் கண் கலங்கியது. இவ்வளவு நல்ல கசெற்றை நான்தான் கொன்றுவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எட்டாவது பாட்டு வந்தது. கோஷ்டிக்காரர்களை நினைத்து எழுதிய பாட்டு. "எங்கையடா நிக்கிறியள், இஞ்சை நான் தனிய" என்று பல்லவி. கடைசித் தடவை "தனிய" உச்சத்துக்கு ஏறவேண்டும். ஏறும்போது குரல் நடுவில் உடைந்தது. எனக்கு அவருக்குச் சமாதானம் சொல்லவேண்டும் போலிருந்தது. அந்த இடத்தில் டைனமோ சற்றே வழுக்கியிருக்கும் என்றேன்.

ஐசாக் மிதிப்பதை நிறுத்தினார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இல்லை ரீச்சர். டைனமோ சரியாத்தான் ஓடுது. உது நான்தான்."

அவரே சொன்னார். கோஷ்டிக் காலத்திலேயே அந்த உயரம் அவருக்குச் சிலவேளை எட்டாது. தம்பிராசா அதை முகத்தில் பார்த்தே கண்டுபிடித்து ஓகனை அழுத்தி அந்த உடைவை மூடிவிடுவாராம். சனத்துக்குத் தெரியவே தெரியாது. இந்தமுறை மூட ஆளில்லை. இன்னொருதரம் எடுப்போம் என்று சண்முகநாதன் கெஞ்சியும் ஐசாக் வேண்டாம் என்றிருக்கிறார்.

"இருக்கிறது அவ்வளவுதான், அதை ஏன் ஒளிப்பான்? அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் களைத்த குரல் எண்டு எழுதினது சரி. எனக்குக் கோவமில்லை. ஆனா மிச்ச ஏழு பாட்டிலையும் நான் களைக்கேல்லை, ரீச்சர். அதை மட்டும் சொல்லிவிடுங்கோ."

அவர் போனபிறகு நான் கொஞ்சநேரம் அழுதேன். பிறகு பத்திரிகைக் கந்தோருக்கு ஓடினேன். அப்போது பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிக்கொண்டிருந்தது. தாளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. திருத்தத்துக்கு நாலு வரிக்குமேல் இடமில்லை என்றார் பத்திரிகை ஆசிரியர். நாலு வரியில் என்னைக் காப்பாற்றுவதா, பாட்டைக் காப்பாற்றுவதா என்று யோசிக்க ஒன்றுமில்லை. இப்படி எழுதினேன்: "ஐசாக்கின் கசெற்றைப் பற்றி நான் எழுதியது பிழை. களைத்தது எங்கள் வீட்டுச் சைக்கிள், பாடகர் அல்ல. கால் பலமுள்ள ஒருவரை மிதிக்கவிட்டு மறுபடி கேளுங்கள். கடைசிப் பாட்டில் உடைவது அவருடைய குரல்தான், அதை உடைந்தபடியே கேளுங்கள்."

அருளம்பலத்தைச் சந்தியில் ஒரு கிழமை நிம்மதியாக நடக்க விடவில்லை. கால் எப்படி என்று கண்டவன் நின்றவன் எல்லாம் விசாரித்தான். ஆனால் சண்முகநாதன் கடையில் மறுபடி வரிசை நின்றது. மண்டபக்காரர் ஐசாக் வீட்டுக்குப் போய் ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை பின்னேரத்தைக் குறித்தார்கள்.

அன்றைக்கு முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அளவெட்டியிலிருந்தும் உடுப்பிட்டியிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்கள். மைக் இல்லை. ஐசாக் ஒரு கதிரையில் இருந்து ஏழு பாட்டுகள் பாடினார். அந்த ஏழிலும் ஒரு சொல்கூடக் களைக்கவில்லை என்று நான் எங்கும் சாட்சி சொல்வேன். சனம் கைதட்டிய தட்டில் சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டாவது பாட்டுத் தொடங்கியது. பல்லவி வந்ததும் மண்டபம் முழுக்கக் கூடப் பாடியது. ஆனால் ஐசாக்கோடு சேரவில்லை. எல்லோரும் மெதுவாகப் பாடினார்கள், தாழ்த்திப் பாடினார்கள். நான் திருத்தம் எழுதி என்ன, வீட்டில் மிதித்த கால்கள் அவரவர் கால்கள்தானே. டைனமோ படிப்பித்தபடியே அந்தப் பாட்டை ஊர் பாடமாக்கியிருந்தது. என் பக்கத்தில் அருளம்பலம் எல்லோருக்கும் பின்னால் இழுத்து, எல்லோரிலும் பலமாகப் பாடினார். எனக்குப் பதறியது. தாளம் தவறிய டிரம்ஸ்காரரை ஒருகாலத்தில் மேடையிலேயே திரும்பி முறைத்த மனிசன் இவர்.

ஐசாக் கிற்றார் நரம்புகளில் கையை வைத்துச் சத்தத்தை நிறுத்தினார். சனம் நிறுத்தவில்லை. அவர் தலையைச் சரித்து ஒரு சுற்று முழுவதும் கேட்டார். பிறகு சுருதியை ஒரு கட்டை இறக்கி, அவர்களுடைய நடைக்கே வாசிக்கத் தொடங்கி, அவர்களோடு சேர்ந்துகொண்டார். கடைசித் தடவை "தனிய" வந்தது. அந்தத் தாழ்ந்த சுருதியில் அவருடைய குரல் உடையாமல் ஏறி, ஏறிய இடத்தில் முழுசாக நின்றது.

அவருக்கே அது எதிர்பாராதது. அதற்குமேல் பாட முடியாமல் முகத்தைத் துடைத்தார், கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. சனம் விடவில்லை. முந்நூறு பேரும் சேர்ந்து, இஞ்சை நான் தனிய, இஞ்சை நான் தனிய என்று அவருக்காகப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.