உம்முல் பனீன் நாளில் ஒரு கேள்வி

துக்கக் கதை கேட்க நாங்கள் கூடும் மஜ்லிஸ் நடக்கும் கூடத்துக்குள் போன் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, என் நாத்தனாரைக் காவலுக்கு உட்கார வைத்ததும் நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

காலையிலிருந்து என் மகன் போன் எடுக்கவில்லை. டேங்கர் லாரி ஓட்டுகிறான். நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் எரிந்துவிட்டதாக டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவன் முதலாளியைக் கேட்டால், "பார்த்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையலும் ஓடவில்லை, ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்திருக்கிறேன்.

என் கடையில் காஜா எடுப்பவள்தான் அதைப் பிரித்துக் கொடுத்தாள். அவள் மகன் நெட்டையனுக்கும் அதே முதலாளிதான், அதே டேங்கர் வேலைதான். அவன் போனும் கிடைக்கவில்லை. அவளுக்கு அவன் ஒருத்தன்தான். ஆனாலும் அவள்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"சிக்னல் இருக்காதுக்கா. ரெண்டும் சேர்ந்து வந்து நிக்கும் பாருங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. இவளுக்கு மட்டும் எப்படி ஊசியில் நூல் கோக்க முடிகிறது?

சாயங்காலம் நாத்தனார் கெஞ்சினாள். "அண்ணி, இன்னைக்கு மஜ்லிஸ்ல கதையை வேற யாராவது சொல்லட்டுமே."

"யாரு, நீயா? உனக்கு உம்முல் பனீனோட நாலு பிள்ளைங்க பேரே வரிசையா வராது."

இன்று உம்முல் பனீன் அம்மையாரின் நினைவு நாள். வருஷா வருஷம் அவர் கதையை நான்தான் சொல்கிறேன். தாயை இழந்த நபியின் பேரன் ஹுசைனை வளர்த்தவர். தான் பெற்ற நாலு பிள்ளைகளையும் ஹுசைனோடு கர்பலா போரில் பறிகொடுத்தவர். சேதி கொண்டுவந்தவன் "உங்கள் பிள்ளைகள்..." என்று ஆரம்பித்ததும், "முதலில் ஹுசைனைப் பற்றிச் சொல்" என்று கேட்டவர். அந்த வரியில் கூடமே உடைந்து அழும். எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்பதுவரை எனக்கு அத்துப்படி.

கதையில் சேதிக்காரன் ஊருக்குள் நுழைந்துவிட்டான். நான் மூச்சு வாங்கினேன். வாசல் கூடையில் என் போன் அடித்தது.

மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். யார் காலையோ மிதித்தேன்.

"அம்மா, நான்தான். சார்ஜ் போச்சு."

"எங்கடா தொலைஞ்ச? வா, செருப்பு பிஞ்சிடும்!" அழுதுகொண்டே சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "எரிஞ்சது நெட்டையன் வண்டிம்மா. காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். இப்பதான்... போயிட்டாம்மா. அவங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

திரும்பிப் பார்த்தேன். நான் பாதியில் விட்ட வரிக்காகக் கூடமே காத்திருந்தது. காஜாக்காரி மட்டும் எழுந்து, எல்லோரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்துகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க பிள்ளை நல்லா இருக்கான்ல?"