காதைப் பிடித்தவளின் கடவம்

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி அறையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பச் சொன்னாள் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். "நடு நோவுதுன்னு வந்தவளுக்கக் காலை எதுக்கு இந்தப் பாடு படுத்துதிய?" என்று கேட்டேன். "காலு வேலை செய்தாத்தான் நடுவுக்குப் பாரம் குறையும். முட்டு மடங்கட்டும், நடு மடங்கப்பிடாது" என்றாள். (நடு என்றால் இடுப்பு; முட்டு என்றால் முழங்கால்.) பி.எஸ்.சி. அரசு வேலைப் பரீட்சைக்கு வருஷக்கணக்கில் தரையில் குனிந்து படித்துச் சேர்த்த வலி அது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. நடு போன முதல் பெண் நான் இல்லை. எனக்கு முன்னால் எத்தனையோ பேருக்குத் தலைச்சுமடு எடுத்தே போயிருக்கும். முட்டு மடக்கு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

சொன்னதாக எங்கும் எழுதிவைக்கவில்லை. ராஜாக்கள் எந்த யானைமேல் போனார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒருத்தியை நானே உண்டாக்கப் போகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கொல்லம் ஆண்டு 1089 (1914). திருவிதாங்கூரைப் பொன்னுதம்புரான் ஆண்டுகொண்டிருந்த காலம். நெய்யாற்றின் மேலே பனிமூட்டம் மெல்ல விலக, தூரத்தில் ஒரு"

வேண்டாம். பனிமூட்டத்தை விட்டால் அடுத்து குயில் வரும்.

இரண்டாவது:

"செல்லபாய் என்ற ஏழைக் கிறிஸ்தவ விதவை, பாவம், தீராத வலியால் துடித்"

பாவமாம்! அவளைப் பாவம் என்று சொல்ல நான் யார்?

மூன்றாவது. இது நிற்கும்:

செல்லபாயால் கடவத்தைச் சுமக்க முடியும். தரையிலிருந்து எடுக்கத்தான் முடியாது.

(கடவம் என்றால் பனையோலையில் முடைந்த பெரிய கூடை. அது நிறைய மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து, பாறசாலைப் பக்கத்திலிருந்து நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு நடப்பாள்.)

தலையில் ஏறிவிட்டால் நிமிர்ந்து நடந்துவிடுவாள். குனிந்து எடுத்தால் மட்டும், இடுப்புக்கு மேலே யாரோ கம்பியைக் காய்ச்சிச் சொருகினது மாதிரி இருக்கும். ஆகவே ஏத்திவிட ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் சந்தை இல்லை. சந்தை இல்லாத நாளில் அடுப்பு இல்லை. வழியில் சுமைதாங்கிக் கல் உண்டு. அதில் இறக்கி அதிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம், கல் ஜாதி கேட்காது. சந்தையில் மிச்சக் கிழங்கோடு நின்றாலோ, பெரிய வீட்டு ஆட்கள் அவள் கடவத்தைத் தொடமாட்டார்கள். தொடுகிறவர்கள் தலையில் அவரவர் சுமை.

வீட்டில் ஏத்திவிடுகிறவள் செத்துப்போன புருஷனின் அக்காள், சுகிர்தபாய்.

"மைனி, ஒரு கை."

"ஒனக்கு ஏத்தி ஏத்தியே எனக்க நடுவும் போச்சு, கேட்டியா. நடு ஒடிஞ்சவளுக்கு எதுக்குட்டி சந்தை? வீட்டில இருந்து ஓலை முடையப்பிடாதா?"

முடையலாம். குனிந்து.*

* ஓலை முடைவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு பகல் முடைந்துவிட்டு வந்து இந்தக் கதையைத் தொடரலாம்.

3

இனி இவளுக்கு ஒரு வழி வேண்டும். வெள்ளைக்கார டாக்டரம்மாவைக் கொண்டுவரலாமா என்று பார்த்தேன். எழுதியும் விட்டேன்: "அன்பே உருவான அந்த மிஷன் மருத்துவர் செல்லபாயின் கையைப்" என்றவரைக்கும். அடித்துவிட்டேன். இவள் கையை யாரும் பிடிக்க வேண்டாம்.

சபைப் பள்ளிக்கூடம் இருந்தது. உபதேசியார் யோசுவா ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுவார், மற்ற நாள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். பாடம் தெரியாத பிள்ளைக்குத் தோப்புக்கரணம். வலது கையால் இடது காது, இடது கையால் வலது காது; உட்காரு, எழும்பு. செல்லபாய் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போவாள். தினமும் தண்டனை வாங்குகிற அதே பிள்ளைகள் சாயங்காலம் ஆளுயர வேலியை ஒரே தாவில் தாண்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அந்த இரண்டையும் சேர்த்து யோசித்தாள்.

மறுநாள் விடியற்காலை, மரச்சீனித் தோட்டத்துக்குள்ளே, பிலாமரத்தில் முதுகைக் கொடுத்துக் காதைப் பிடித்தாள். பாதி இறங்குவதற்குள் தொடை ஆடியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மறுநாளும் போனாள்.

[காதை எதற்குப் பிடிக்க வேண்டும், சும்மா உட்கார்ந்து எழுந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். கை சும்மா இருந்தால் எனக்கு உடம்பு முன்னால் சாய்கிறது, நடுவில் பிடிக்கிறது. காதைப் பிடித்தால் முதுகு நேராக நிற்கிறது. இந்தக் கதையில் நான் உடம்பால் சரிபார்த்த வரி இது ஒன்றுதான்.]

மழை வந்தது, நின்றது. செல்லபாய் மரத்தை விட்டு விலகி நின்று போட ஆரம்பித்தாள். பிறகு சாணிக்கூடையைக் குனியாமல், முட்டு மடக்கி எடுத்தாள். பிறகு தண்ணீர்க் குடம். நோவு போனதா என்றால், இல்லை. சில நாள் படுத்தே கிடந்தாள். எழுந்ததும் தோட்டத்துக்குப் போனாள். நிறைகடவத்தைத் தொட மட்டும் பயம்.

4

சுகிர்தபாய் பார்த்துவிட்டாள்.

"எட்டி! ஏசுவே! ஆருக்குட்டி காதைப் பிடிச்சுத் தோப்புக்கரணம் போடுத?"

"ஆருக்கும் இல்ல மைனி. காலுக்கு."

"காலுக்காம்! காலுக்குத் தைலம் போடுவாவ. இது பிள்ளையாருக்குப் போடுததாக்கும். பேயி கேறிப்போச்சு ஒனக்கு."

நேரே உபதேசியார் வீட்டுக்கு ஓடினாள். நல்ல மனசோடுதான் ஓடினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பெண்டாட்டி நரகத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாதே.

முதல் பிரதியில் உபதேசியாருக்குத் தொந்தி வைத்திருந்தேன், திருட்டுமுழி வைத்திருந்தேன். அது என் சோம்பேறித்தனம். இரண்டையும் எடுத்துவிட்டேன். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. கோயில் வழியில் நடந்ததற்காக அவர் அப்பாவை அடித்துக் குளத்தில் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே விடாத சாமிக்கு நம் ஆள் ஒருத்தி ஒளிந்து நின்று காதைப் பிடிக்கிறாளா என்று அவருக்கு வயிறு எரிந்தது. எனக்கும் எரிந்திருக்கும்.

அதற்காக அவரை விடப்போவதில்லை.

5

அறுப்புப் பண்டிகை. (சந்தை நாளிலேயே வைத்திருக்கிறேன். கதை என்னுடையது.) அவரவர் விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவருகிற நாள். "காணிக்கைச் சுமடு அல்லியா, ஏத்தாட்டா பாவம்" என்று சுகிர்தபாயே கடவத்தை ஏத்திவிட்டிருந்தாள். சபை முற்றத்தில் வாழைக்குலை, நெல், கிழங்கு எல்லாம் வரிசையாக இருந்தன. செல்லபாயின் கடவத்தை இருவர் சேர்ந்து இறக்கினார்கள். அந்த இடத்திலேயே உபதேசியார் அவளை நிறுத்தினார்.

"செல்லபாய், நீ தோப்புக்கரணம் போட்டது உண்டா இல்லியா?"

"உண்டு."

"பிள்ளையாருக்கா?"

"இல்ல உபதேசியாரே. எனக்க தொடைக்காக்கும்."

பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். சபை மூப்பர் சுவாமிதாஸ் இருமினார்.

"விளையாட்டா? காதைப் பிடிச்சுப் போடுதது சாமி காரியம்."

"பள்ளிக்கூடத்தில பிள்ளைகள் தினமும் போடுதே, அது எந்தச் சாமிக்கு?"

சிரிப்பு ஆண்கள் பக்கமும் பரவிவிட்டது. உபதேசியாரின் முகம் கறுத்தது.

"அது சிட்சை."

"இதும் சிட்சைதான். எனக்க காலுக்கு."

மூப்பர் குறுக்கே வந்தார். "எம்மா, காதை விட்டுட்டு கையைக் கூப்பிக்கிட்டுப் போடு. ஜெபம் மாதிரி இருக்கும். ஒரு மன்னிப்பும் கேட்டுரு. காரியம் தீந்துது."

"கையைக் கூப்பினா நடு முன்னால வளையுது மூப்பரே. காதைப் பிடிச்சாத்தான் நேரா நிக்கும். நேரா நிக்கியதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

உபதேசியார் சத்தத்தைக் குறைத்தார். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

"அப்பம் ஒனக்க காணிக்கை இங்க வேண்டாம். கடவத்தை எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்துக்கிட்டுப் போ. அவளால் எடுக்க முடியாது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டால் நாலு கை நீளும் என்றும் தெரியும். சுகிர்தபாய் ஓர் அடி முன்னால் வைத்தாள். மூப்பர் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள்.

6

முடிவு (அ): எடுக்கிறாள், நடு பிடிக்கிறது, விழுகிறாள், கிழங்கு சிதறுகிறது. என் அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டினேன், அழுதாள். "சூப்பர், பரிசு நிச்சயம்" என்றாள். கிழித்துவிட்டேன். எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து மற்றவர்களுக்கு இலக்கியம் கொடுத்தது போதும்.

முடிவு (ஆ): உபதேசியார் மனம் உருகி, தன் கையாலேயே ஏத்திவிடுகி

கூடவே கூடாது. ஏத்திவிட ஆள் வேண்டாம் என்பதற்காகத்தானே அவள் இத்தனை நாள் காதைப் பிடித்தாள்!

முடிவு (இ):

செல்லபாய் சும்மாட்டைத் தலையில் வைத்தாள். காலை அகற்றி ஊன்றினாள். எல்லாரும் குனிவாள் என்று பார்த்தார்கள், அவள் குனியவில்லை; தோட்டத்தில் இறங்குகிற மாதிரியே முதுகை நேராக வைத்து இறங்கினாள். கடவத்தை இழுத்துத் தொடைமேல் ஏற்றினாள். நெஞ்சோடு அணைத்தாள். குதிகாலை மண்ணில் அழுத்தினாள்.

தொடை ஆடியது. நடுவில் அந்தக் கம்பி சொருகியது. அவள் எழுந்தாள்.

பாதி எழும்பியபோது யாரோ "ஏசுவே" என்றார்கள். முழுதும் எழும்பிவிட்டாள். நெஞ்சிலிருந்த கடவம் ஒரே உந்தலில் தலைக்குப் போய்ச் சும்மாட்டில் உட்கார்ந்தது. ஒரு கிழங்குகூட விழவில்லை.

முதலில் கேட்டது சுகிர்தபாய்தான்.

"எட்டி... நடு நோவலியா?"

"நோவுது மைனி. நோவு அதுக்க இடத்தில இருக்கு. காலும் இருக்கு, கண்டியளா?"

கையை இடுப்பில்கூட வைக்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

7

இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். சபை வாசலில் நிற்கிறாள். இடது பக்கம் வீடு. வலது பக்கம் நெய்யாற்றின்கரை, சந்தை இப்போதுதான் கூடியிருக்கும். பின்னால் சபைக் கதவு திறந்தே கிடக்கிறது. கடவத்தோடு திரும்பி நேரே உள்ளே போய்ப் பலிபீடத்துக்கு முன்னால் இறக்கினால் யார் தடுக்க முடியும் என்று ஓர் ஆசை எனக்கு உண்டு. உபதேசியார் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன தண்டனை கொடுப்பார் என்றும் நான் சொல்லவில்லை. நீங்களே முடிவு பண்ணுங்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புங்கள். போகிற இடத்தில் அவள் இறக்கிவைப்பாள், திரும்ப எடுப்பாள். ஏத்திவிடுகிறேன் என்று மட்டும் யாரும் கிட்டே போக வேண்டாம்.

நான் எழும்ப வேண்டும். எழுதி எழுதி நடு பிடித்துவிட்டது. கதவைச் சாத்தவில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வலது கை இடது காதுக்கு.