வீட்டில் பறவை இல்லை

"நீ பேசாத காஸ்பர், நான்..."

"அக்கா, மெதுவா. ஆளுங்க பாக்கறாங்க..."

"பாக்கட்டும்! வீட்ல பறவை ஏதாவது வளக்கிறீங்களானு டாக்டர் மூணு தடவை கேட்டாங்களாமே. மூணு தடவையும் இல்லைன்னியாமே!"

அடையாற்றில் ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு அந்தப் பக்கம் லிசா ஒன்பது நாளாக நிமோனியாவில் கிடந்தாள். அவளுடைய அக்கா லூயிசா அன்று காலைதான் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டதும் லிசாவின் கணவன் காஸ்பரை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

"பச்சைக்கிளி வளக்கிறது சட்டப்படி குத்தம்கா. வனத்துறைக்குத் தெரிஞ்சா கேஸு. கவர்ன்மென்ட் வேலை, பிரமோஷன் லிஸ்ட்ல பேரு இருக்கு..."

"கூண்டைச் சுரண்டிக் கழுவறது யாரு, உன் பிரமோஷனா? காஞ்ச எச்சத்தையெல்லாம் வாரிக் கொட்டறவ அவ. உதட்டுல பழத்தை வெச்சு ஊட்டறவ அவ!"

"கிளிக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லா கிண்ணுனு இருக்கு. காலைல கூட லிசா, லிசானு கூப்புட்டுச்சு."

"அது கூப்புடும். இவளால பதில் சொல்ல முடியலையே!"

கதவு திறந்தது. டாக்டர் வர்ஷினி வெளியே வந்தாள்.

"டாக்டர், இவங்க வீட்டு பால்கனியில ஒரு கிளி இருக்கு. ஆறு வருஷமா இருக்கு" என்றாள் லூயிசா.

வர்ஷினி காஸ்பர் பக்கம் திரும்பினாள்.

"பொழுது போகாமலா சார் கேட்டேன்? பறவை எச்சம் காஞ்சு தூசியாகி மூச்சுல போனா, கிளமிடியாங்கிற கிருமியில ஒரு வகை நுரையீரலுக்கு வந்துரும். கிளி பாக்க நல்லாத்தான் இருக்கும். இந்தக் கிருமி நம்ம உடம்போட செல்லுக்குள்ளயே பூந்து பெருகற ஜாதி. இத்தனை நாள் நாங்க ஏத்தின மருந்து அதைத் தொடக்கூட செய்யாது. இதுக்கு வேற மருந்து. முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே ஆரம்பிச்சிருப்பேன்!"

"டாக்டர்... ரிப்போர்ட்ல கிளினு எழுதணுமா? பொதுவா ஏதாவது போட்டுட்டா..."

வர்ஷினி நிற்கவில்லை. லிசாவின் சளியை டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி, புது மருந்தின் பெயரையும் நர்ஸிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

காஸ்பர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"அதோ போறானே, அந்த வார்டு பாய் காதுல விழுந்திருக்குமாக்கா?"

லூயிசா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லிசா பிழைப்பாளானு நீ இன்னும் கேக்கவே இல்லையே, காஸ்பர்?"