மூன்றாம் மாடியின் இரண்டாவது வாசகர்

உலக இலக்கியத்தின் போக்கையே புரட்டிப்போடும் செய்தி இது. முடிந்தவர்கள் எழுந்து நின்று வாசிக்கவும். பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஆப்பிரிக்க இலக்கிய அலமாரிக்கு இரண்டாவதாக ஒரு வாசகர் கிடைத்துவிட்டார்.

முதல் வாசகர் நம் ஆய்வாளர். வயது நாற்பத்தொன்று. 'ஆப்பிரிக்கப் புனைவாளர்களின் தனிமை: ஒரு பன்முகப் பார்வை' என்ற தலைப்போடு ஏழு வருஷமாக ஜன்னலோர மேஜையில் மல்லுக்கட்டுகிறார். எந்த எழுத்தாளர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை வருஷம் சிறையில் கிடந்தார், எல்லாம் விரல் நுனியில். கேட்கத்தான் நாதியில்லை. எதிர் நாற்காலியில் தன் பையை உட்காரவைத்திருப்பார், யாரோ வரப்போவதுபோல. மாதம் ஒருமுறை அக்கா மட்டும் தொலைபேசியில் கேட்பாள்: "இத்தனை வருஷத்துல ஆப்பிரிக்காவுக்கு நடந்தே போயிட்டு வந்திருக்கலாமேடா?"

ஒருநாள், தொட்டு நாளான செனகல் நாவல் ஒன்றை எடுத்தவர், கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் புது முத்திரையைப் பார்த்தார். பக்கத்துப் புத்தகத்திலும் ஒன்று. எல்லாமே வியாழக்கிழமை, அவர் தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரின் அறை வாசலில் தேவுடு காக்கும் கிழமை. தலைகால் புரியவில்லை. 'நாலாம் அத்தியாயம் எப்படி?' என்று துண்டுக் காகிதத்தில் எழுதி நாவலுக்குள் வைத்தார். பையைத் தரைக்கு இறக்கினார்.

அடுத்த வாரம் காகிதம் இல்லை. பதிலும் இல்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று மேலும் இரண்டு வைத்தார். அவையும் போயின.

நாலாவது வியாழன் பேராசிரியரை அம்போவென்று விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் வாக்கியத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தார். பதினோரு மணிக்குக் காலடிச் சத்தம்.

வந்தது அந்த மாடியில் புத்தகம் பதிந்து கொடுக்கும் கவுன்டர் அம்மா. கையில் முத்திரையும் மைப்பெட்டியும். ஐந்து புத்தகங்களை உருவி, டப் டப்பென்று குத்தினார்.

"அம்மா, இதெல்லாம் யாரு எடுத்துட்டுப் போறாங்க?"

"யாரு எடுக்கறா? நீங்களே அஞ்சாறு புத்தகத்தைத்தான் சுத்திச் சுத்தி எடுக்கறீங்க. மூணு வருஷம் முத்திரை இல்லைன்னா கிடங்குக்கு இறக்கணும்னு விதி சார். அலமாரி போச்சுன்னா இந்த மாடியையே மூடிடுவாங்க. என்னை வாசல்ல பை வாங்கி வைக்க நிறுத்திடுவாங்க. நாள் பூரா நிக்கணும். என் முட்டி தாங்குமா?"

ஆய்வாளர் அந்த செனகல் நாவலைக் காட்டினார். "உள்ள ஒரு காகிதம்..."

"அட, நீங்கதானா அது? குப்பைன்னு எடுத்துப் போட்டுட்டேன் சார்." கவுன்டர் அம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டே கேட்டார்: "சரி, சொல்லுங்க. அந்த நாலாம் அத்தியாயத்துல அப்படி என்னதான் இருக்கு?"

ஏழு வருஷத்தில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் இலக்கியக் கேள்வி. ஆய்வாளர் வாயைத் திறந்தார்.

அந்த நாவலை அவர் மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல் படித்ததில்லை.