விழுங்கும்வரை

கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதல், சாப்பாட்டு வேளை என்றாலே தையல்காரிக்குப் பயம்தான். பக்கவாதம் அவருடைய வலது கையோடு தொண்டையையும் பாதி முடக்கிப் போட்டிருந்தது. எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும், தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்க வேண்டும், நுரையீரலுக்குள் போனால் ஆள் தேறுவது கஷ்டம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். லாரி ஓட்டிய காலத்தில் இன்ஜினை நிறுத்தாமலே தட்டைக் காலி செய்த மனிதர். இப்போது ஒவ்வொரு வாய்க்கும் அவர் குரல்வளை ஏறி இறங்கும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை மதியம், அவள் பயந்தது நடந்தேவிட்டது. உருளைக்கிழங்கு மசியல் தொண்டையில் நின்றுகொண்டது. இருமல் இல்லை, சத்தமும் இல்லை. உதடு நீலம் பாரித்தது. அவரை முன்னால் சாய்த்துப் பிடித்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். கடைசியில் அது தரையில் வந்து விழுந்தது. அவர் குழந்தைபோல் அழுதார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"இனிமே என்னால முடியாது. நீ வந்து உங்க அண்ணனுக்கு ஊட்டு."

"ஐயோ அண்ணி, எனக்குக் கரண்டியைப் பாத்தாலே உதறும். நாளைக்குக் கோயில் சாமியாரை நன்மை கொண்டுவரச் சொல்றேன். உங்களுக்கும் ஆறுதலா இருக்கும்."

ஆறுதலா? அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறே இறங்காத தொண்டையில் அப்பமாக வரும் ஆண்டவரை எப்படி இறக்குவது? இருமித் துப்பிவிட்டால்? அவள் பூசைக்குப் போய் மாதக்கணக்காகிறது. செபமாலையைத் தொட்டால் ஒரு மணி உருள்வதற்குள் உள்ளேயிருந்து கணவர் கூப்பிடுவார். வாயில் செபம் இல்லாதவள் வீட்டுக்குள் ஆண்டவர் வரப்போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வந்தார், வயதில் சின்னவர். செபங்களைச் சொல்லி முடித்து, அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கரண்டியில் வைத்துத் தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

"தண்ணி ஆகாது ஃபாதர்," என்று பதறினாள். "கெட்டியாக் கலக்கித் தரேன்."

கலக்கிக் கொடுத்ததைச் சாமியார் துணுக்கின் மேல் சொட்டவிட்டார். கரண்டியைக் கணவரின் வாய்வரை கொண்டுபோய்ப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நான் அனுமதி தரேன், நீங்களே கொடுங்க."

"இந்தக் கையாலயா? இப்பத்தான் அவருக்கு அடித்துணி மாத்தினேன்."

"கழுவிட்டீங்கல்ல?"

"கழுவினேன்."

"அப்புறம் என்னம்மா? தினமும் நீங்கதானே ஊட்டுறீங்க."

கரண்டியை வாங்கிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டாள். சாமியார் சொல்லித் தந்தபடி "கிறிஸ்துவின் திருவுடல்" என்றாள். கணவர் தானாகவே வாயைத் திறந்தார்.

"தலையைக் குனிங்க. அவசரமே இல்ல. விழுங்குங்க. இன்னொரு தடவை விழுங்குங்க."

மூன்று வேளையும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். வேறு வார்த்தை அவளிடம் இல்லை. குரல்வளை ஏறியது, அப்படியே நின்றது. அவளுக்கு உலகமே நின்றது. பிறகு இறங்கியது. அவர் ஆமென் என்று குழறினார்.

அப்பத்தின் துகள் எதுவும் வீணாகாதபடி சாமியார் கரண்டியில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார். அவளுக்கும் நன்மை கொடுத்தார்.

"செபமே பண்றதில்ல ஃபாதர்," என்றாள் அவள். "பயந்துக்கிட்டே இருக்கேன், அவ்வளவுதான்."

"இப்ப அவருக்கு ஊட்டும்போது என்ன பண்ணீங்க?"

அவள் கணவரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

சாமியார் போனபின் மறுபடியும் உருளைக்கிழங்கை வேகவைத்து, கட்டியில்லாமல் மசித்தாள். நேற்றைய நீல உதடு கண்ணை விட்டுப் போகவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கணவர் முன்னால் முழங்காலிட்டாள். அங்கிருந்து பார்த்தால் குரல்வளை நன்றாகத் தெரிந்தது.

"குனிங்க," என்றாள்.